இரண்டாம் தாள்

அனுப்புநர் என்று எழுதி அடியில் ஒரு கோடும் இழுத்தாச்சு. மு. வைரக்கண்ணு, கீழத்தெரு, அப்புறம் ஊர்ப்பேர், வட்டம், மாவட்டம், எல்லாம் தானாக வந்து விழுந்தன. ஆயுசு பூரா ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தராக இருந்து குப்பை கொட்டின மனுஷனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்ன? கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார். பெறுநர் என்று போட்டு, மாண்புமிகு என்று எழுதினதும்தான் பேனா நின்றது. நின்றது என்றால் அப்படியே நின்றுவிட்டது. மாண்புமிகு அப்பா அவர்களே. அப்படித்தான் ஆரம்பிப்பான் மகன் கலைவேந்தன், போனில். மாண்புமிகு அப்பா அவர்களே, தங்கள் மேலான சமூகத்துக்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது என்னன்னா, இன்னிக்கும் ரூம்ல பருப்புதான், ஆதலால் அம்மாகிட்ட போனைக் குடுத்து கருவாட்டுக் குழம்பு எப்படி வைக்கிறதுன்னு சொல்லச் சொல்லவும், இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள, என்று இழுத்துவிட்டு ஒரு சிரிப்பு. கழுதைக்கு அப்பன் எழுதுகிற மனு என்றால் அத்தனை கிண்டல். ஊரில் தண்ணி வரலையா, தெருவிளக்கு எரியலையா, ரேஷன் கார்டில் பேர் விட்டுப்போச்சா, எல்லாரும் வைரக்கண்ணு வீட்டைத் தேடித்தான் வருவார்கள். இவனோ வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு தாளுக்கு எத்தனை பணிவுப்பா போடுவீங்க, படிச்சுப் படிச்சு எம்.பி.க்கு இடுப்பு வலி வந்துடப் போவுது என்பான். குனியறது நாமதானடா, அவருக்கு எதுக்கு வலிக்கும் என்று இவரும் திருப்பிச் சொல்லுவார். இப்போது அந்த மாண்புமிகுவை அடித்துவிட்டு வேறு வார்த்தை போட முடியுமா? எம்.பி.யை வேறு எப்படிக் கூப்பிடுவது? மாண்புமிகு நாடாளுமன்ற உறுப்பினர் அவர்கள் என்று மெள்ள மெள்ள எழுதி முடித்தார்.

போன வெள்ளிக்கிழமை கலைவேந்தன் இறந்துபோனான். அரபு நாட்டில், அவனும் இன்னும் நாலைந்து பையன்களும் தங்கியிருந்த அறையில், படுத்த படுக்கையிலேயே. காலையில் வேலைக்குக் கிளம்ப எழுப்பினார்களாம், எழுந்திருக்கவில்லையாம். நெஞ்சு நின்னுபோச்சுன்னு டாக்டர் சொல்றாருப்பா என்று கூட இருந்த பையன் போனில் அழுதான். அவன் எந்த ஊரோ என்ன பேரோ, அப்பா அப்பா என்று இவரைக் கூப்பிட்டு அழுதான். இருபத்தேழு வயசுல நெஞ்சு எப்படிடா நிக்கும் என்று கேட்க இவர் வாயைத் திறந்த நேரம், அவன் அம்மா தையல்நாயகி கொல்லையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து, யாருங்க, தம்பியா, குடுங்க நான் பேசறேன் என்று கையை நீட்டினாள். போனை அணைத்துவிட்டார். தம்பி ரூம்ல இருக்கிற பையன், தம்பிக்கு மஞ்சக்காமாலையாம், ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்களாம், உள்ள போன் கொண்டுபோக விடமாட்டாங்களாம். எங்கிருந்து வந்தது அந்த மஞ்சக்காமாலை? அவருக்கே தெரியாது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிற்பாடு அதைக் கட்டிக் காப்பாற்ற வேண்டியதாகிவிட்டது, இன்னிக்குக் கண்ணு மஞ்சள் கொறஞ்சிருக்காம், இன்னிக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டானாம் என்று தினம் ஒரு சேதி. விஷயம் தெரிந்த இன்னொரு ஆள் பக்கத்துத் தெரு மாசிலாமணி. கட்சிக்காரன், எம்.பி.க்கு வேண்டியவன். பொட்டி வந்து வாசல்ல எறங்குற வரைக்கும் அண்ணிக்குத் தெரிய வேண்டாம்ணே, பெத்தவங்க தாங்க மாட்டாங்க, நம்ம பக்கம் எல்லா வீட்டிலயும் இப்படித்தானே செய்யறோம் என்றான். நிஜம்தான். அக்கரைக்குப் பிள்ளைகளை அனுப்பின ஊரில் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. சீரியஸ் சீரியஸ் என்று ஆம்பளைகள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், பொம்பளைகள் சாமிக்கு நேர்ந்துகொண்டே இருப்பார்கள், ஒருநாள் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும். எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறார். பார்த்தபோது அது நல்ல வழக்கமாகத்தான் பட்டது.

அடுக்களையில் குக்கர் கூவியது. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது, பங்காளி வீட்டிலிருந்துதான் சோறு வரவேண்டும். இந்த வீட்டில் மூன்று வேளையும் எரிகிறது. மூன்று வேளையும் இவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறார், போதும் போதும் என்று கையைக் குறுக்கே வைக்கிறார், அவள் இன்னும் ஒரு கரண்டி தள்ளுகிறாள், நீங்களும் படுத்துட்டா நான் என்ன செய்வேன் என்கிறாள். அதையாவது விழுங்கிவிடலாம். இந்த உப்பு விஷயம்தான் ஆளைக் கொன்றது. மஞ்சக்காமாலைக்கு உப்பு ஆகாது, எண்ணெய் ஆகாது, புளி ஆகாது. அவன் அங்க உப்பில்லாம திங்கிறப்ப எனக்கு மட்டும் என்ன வாய் வேண்டிக்கிடக்கு என்று கேள்விப்பட்ட அன்றைக்கே தையல்நாயகி உப்பை விட்டுவிட்டாள். இவருக்குத் தனியாக உப்புப் போட்டு வைத்துவிட்டு, அவள் வெறும் சோற்றில் உப்பில்லாத மோரை ஊற்றிப் பிசைந்து, முகத்தைச் சுளிக்காமல் ஒவ்வொரு உருண்டையாகத் தள்ளுவாள். பார்க்கக்கூடாது என்று நினைப்பார், கண் அங்கேயேதான் போகும். உப்புப் போட்டுக்கடி தையலு, இனிமே அவனுக்கு உப்பும் கெடையாது ஒறைப்பும் கெடையாது, நீ போட்டுக்க என்று நேற்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. கொஞ்சம் போட்டுக்கயேன் என்று மட்டும் சொன்னார். நல்லா இருக்கே, அவன் பத்தியம் முடியட்டும் என்றாள். இப்போது காபியோடு வந்து நின்று, எட்டித் தாளைப் பார்க்கிற மாதிரி கழுத்தை நீட்டினாள். இவர் முழங்கையை நகர்த்தித் தாளை மறைத்தார். பரீட்சையில் பக்கத்துப் பையன் பார்த்துவிடாமல் மறைக்கிற மாதிரி, இந்த வயசில், பெண்டாட்டியிடம்.

"ஏங்க, எழுதியாச்சா? மாசிலாமணி வந்துடப் போறாரு."

"எழுதிக்கிட்டுத்தானே இருக்கேன். நீ நின்னா ஓடுமா?"

"நெழல்ல கீழாநெல்லி காயப்போட்டிருக்கேன். யாராச்சும் அந்தப் பக்கம் போனா குடுத்துவிடலாம்னு பார்த்தேன். அதான் எம்.பி. சொல்லிட்டா இங்கயே கூட்டியாந்துடுவாங்கன்னு சொல்றீங்களே, அப்ப இங்கயே அரைச்சுக் குடுத்துக்கலாம், இல்லீங்க?"

"குடுத்துக்கலாம்."

"நல்லா உருக்கமா எழுதுங்க. ஆபீஸ் எழுத்தா எழுதாதீங்க."

அவள் போன பிறகும் காபியை எடுக்கவில்லை. பொருள் என்று எழுதினார். இதுதான் மனுவுக்கு உயிர், என்ன வேண்டும் என்பதைப் பொருள் வரியிலேயே சொல்லிவிட வேண்டும், மேலே இருக்கிறவன் அதற்குக் கீழே படிக்கமாட்டான் என்று இவரே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். என்ன வேண்டும்? வெளிநாட்டில் இறந்த எங்கள் மகனின். மகனின் என்ன? சடலம் என்று பேப்பரில் போடுவான், கிணற்றில் மிதந்ததையும் தண்டவாளத்தில் கிடந்ததையும் அப்படித்தான் போடுவான். பிரேதம் என்று ஆஸ்பத்திரியில் எழுதுவான். பூதவுடல் என்றால் தலைவர்களுக்கு. உடல் என்று எழுதலாம், உடம்பு என்று எழுதலாம், உடம்பைப் பார்த்துக்கடா என்று திருச்சி விமான நிலையத்தில் சொல்லித்தானே அனுப்பினார், உடம்பைப் பார்த்துக்கடா, வேலை வேலைன்னு கெடுத்துக்காதே. இதே மாதிரி ஒரு மனுவை ஒரு தடவை எழுதியிருக்கிறார். மேலத்தெருப் பெண் ஒருத்தி, புருஷன் அங்கே கட்டடத்திலிருந்து விழுந்துவிட்டான், கைப்பிள்ளையோடு வந்து இதே நாற்காலிக்கு எதிரே நின்றாள். போனவர் பேரு என்னம்மா, வயசு என்னம்மா, பாஸ்போர்ட் நகல் இருக்கா என்று வரிசையாகக் கேட்டு, பிரேதத்தைத் தாயகம் கொண்டுவர வேண்டி என்று ஒரே மூச்சில் எழுதி முடித்துவிட்டு, எச்சில் தொட்டு உறையை ஒட்டினார். அவள் அப்போது ஏதோ சொல்ல வந்தாள். இதுபோதும்மா, மத்ததெல்லாம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். என்ன சொல்ல வந்தாளோ. அதைக் கேட்டிருந்தால் என்ன குறைந்தா போயிருக்கும்? அந்த வரியே கடைசியில் கைகொடுத்தது. பிரேதத்தை என்று எழுதத்தான் கை வரவில்லை, உடலை என்று எழுதினார். உடலைத் தாயகம் கொண்டுவர வேண்டி. எழுத்து கொஞ்சம் கோணிப்போயிற்று. அதற்கப்புறம் ஆபீஸ் தமிழே வந்து கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போயிற்று. மேற்படி நபர், மேற்படி நிறுவனம், மேற்படி தேதியில், மேற்படி மருத்துவமனையின் சவக்கிடங்கில். இந்த மேற்படி இருக்கிறதே, எழுதும்போது பேரைச் சொல்ல வேண்டாம், முகம் ஞாபகம் வராது. ஒரு பக்கம் முழுக்க மேற்படி மேற்படி என்று எழுதிக்கொண்டே வந்தார். பெத்த பிள்ளை மேற்படியார் ஆகிவிட்டான் என்று நடுவில் ஒரு தரம் தோன்றியது, தண்ணி குடித்தார்.

கையெழுத்துத்தான் பெரிய சிக்கல். கல்யாணம் கட்டாத பையன், அதனால அப்பா அம்மா ரெண்டு பேரும் போடணும்ணே, அங்க கம்பெனிக்காரன் அதைத்தான் கேக்கறான், ஒரு கையெழுத்துக் கொறஞ்சாலும் அங்கயே அடக்கம் பண்ணிடுவானுவ என்று மாசிலாமணி படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். எம்.பி. இன்றைக்குப் பட்டுக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்கு வருகிறார், பந்தி முடிந்த கையோடு டெல்லிக்குக் கிளம்பிவிடுவார், விட்டால் அடுத்த வாரம்தான். அடுத்த வாரம் வரைக்கும் யார் வைத்துக்கொண்டிருப்பார்கள்? யாருடைய மண்ணிலோ, யாரோ நாலு பேர் தோண்டி, பேர் தெரியாத இடத்தில். ஆக, தையல்நாயகி கையெழுத்துப் போட்டே ஆகணும், படிக்கவும் கூடாது. அவள் அப்படியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற ஆள் இல்லை. மகளிர் குழுவில் பொறுப்பில் இருந்தவள், எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி முழுசும் படித்துவிட்டுத்தான் போடுவாள். எதுல போட்டாலும் படிச்சிட்டுப் போடு, எம்புருஷன் எழுதினதுன்னு கூடப் பார்க்காதே என்று சொல்லிக் கொடுத்த மகானுபாவர் யார்? இவரேதான். தலையில் அடித்துக்கொள்ளலாம். அப்போதுதான் இரண்டாம் தாள் ஞாபகம் வந்தது. ஆபீசில் சில பேர் செய்கிற வேலை அது, விஷயத்தை எல்லாம் முதல் தாளில் முடித்துவிட்டுக் கையெழுத்தை மட்டும் இரண்டாம் தாளுக்குத் தள்ளிவிடுவது, ஏமாந்தவன் இரண்டாம் தாளைப் பார்த்துப் போட்டுவிட்டுப் போவான். இவருக்கு அதைக் கண்டாலே ஆகாது. கையெழுத்து தனியாக நிற்கக்கூடாதய்யா, மேலே ரெண்டு வரியாவது விஷயம் இருக்கணும், அப்பதான் போட்டவனுக்கு எதுக்குப் போட்டோம்னு தெரியும் என்று சண்டையே போட்டிருக்கிறார். இன்றைக்குச் சண்டை போட யாரும் இல்லை. முதல் தாளின் கடைசி வரிகளை நெருக்கி நெருக்கி எழுதினார், இடம் போதாததால் இல்லை, சரியாக எங்கே போதாமல் போகவேண்டுமோ அங்கே போதாமல் போவதற்காக.

இரண்டாம் தாளை எடுத்து வைத்தார். இந்த இரண்டு வரியை அவள் படிப்பாள். அவள் படிக்கிற மாதிரியும் இருக்கவேண்டும், எம்.பி. படிக்கிற மாதிரியும் இருக்கவேண்டும், பொய்யாகவும் இருக்கக்கூடாது. எனவே, எங்கள் மகனை விரைவில் ஊர் கொண்டுவந்து சேர்க்க. மகனை. மகனின் உடலை என்று இல்லை, மகனை. எழுதிவிட்டுப் பார்த்தார். எங்கள் மகனை விரைவில் ஊர் கொண்டுவந்து சேர்க்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். முதல் தாளைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு இதை மட்டும் மறுபடியும் படித்தார். இதில் சாவு இல்லை. மேற்படி இல்லை. ஏதோ ஒரு பையன் காய்ச்சலாகக் கிடக்கிறான், அவனை ஊருக்குக் கூட்டிவரச் சொல்லி அப்பனும் அம்மாவும் கேட்கிறார்கள், அவ்வளவுதான். கூட்டி வந்துவிடுவார்கள். எம்.பி. ஒரு போன் போட்டால் நடக்காதா என்ன? சோர்ந்துபோய், கன்னம் ஒட்டி, கண்ணெல்லாம் மஞ்சளாக, யாராவது தோளைப் பிடித்துக்கொள்ள மெதுவாக நடந்து வருவான், விமான நிலையக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இவர்கள் இரண்டு பேரும் நிற்பார்கள், மாண்புமிகு அப்பா அவர்களே என்பான். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், தான் சொன்ன பொய்யைத் தானே நம்பி வைரக்கண்ணு அந்த மேஜைக்கு முன்னால் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார். அட, மஞ்சக்காமாலைதானே, கீழாநெல்லியை மோரில் கலக்கிக் கொடுத்தால் சரியாகிவிடும். அப்புறம் காற்றில் முதல் தாள் புரண்டு, சவக்கிடங்கில் என்ற வார்த்தை மேலே வந்தது. அதை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டு மூடினார். மூடின கையை மேஜையை விட்டு எடுக்கவே முடியவில்லை, அப்படி ஒரு அழுகை வந்தது. அழக்கூடாது. அழுதால் கண் சிவக்கும், கண் சிவந்தால் கேட்பாள்.

தையலு என்று கூப்பிட்டார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள், மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். விரலை வைத்து எழுத்துக்கூட்ட ஆரம்பித்தாள். எனவே. எங்கள். மகனை. மகனை என்ற இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது, தடவிக்கொடுக்கிற மாதிரி. விரைவில். ஊர். கொண்டுவந்து. சேர்க்க. படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள். "மேல ஒரு தாள் இருக்குமே?" என்றாள். "அது பேரும் விலாசமும், பாஸ்போர்ட் நம்பரும்தான்" என்றார், குரல் வேறு யாருடையதோ மாதிரி வந்தது. அவள் இவர் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற முகம், அதில் ஒரு பொய் ஒளிந்துகொள்ள எத்தனை இடம் இருக்கும்? பார்க்கட்டும், கண்டுபிடிக்கட்டும், இப்போதே சட்டையைப் பிடித்து உலுக்கட்டும், இந்தப் பாரத்தில் பாதியையாவது எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு மனசு கெஞ்சியது. போட்டுவிடு தாயே, போட்டுவிடு, பிள்ளை வரணும் என்று இன்னொரு மனசு கெஞ்சியது. "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்றாள் தையல்நாயகி. "ஆபீஸ் எழுத்தா இல்ல. வந்துடுவான்ல?" வந்துடுவான் என்றார். அது ஒன்று நிஜம். அவள் பேனாவை வாங்கி, தன் பேரை ஒவ்வொரு எழுத்தாக, கோணாமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

வாசலில் மாசிலாமணியின் பைக் சத்தம் கேட்டது. எங்கே அவன் பாட்டுக்குப் பொட்டி கிட்டி என்று வாய்விட்டுவிடப் போகிறானோ என்று வைரக்கண்ணு ஓட்டமும் நடையுமாக வாசலுக்குப் போய், உள்ளேதான் இருக்கா என்று கையால் ஜாடை காட்டினார். கல்யாணத்துக்கென்று கஞ்சி போட்ட வேட்டி, தோளில் கட்சித் துண்டு, மேடையில் பேசிப் பேசித் தடித்த குரலை அடக்கிக்கொண்டு, ஆச்சாண்ணே என்றான் அவன். திரும்பி வந்தபோது தையல்நாயகி இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள். கையெழுத்துக்குக் கீழே. "என்ன பண்றே" என்று கத்தியேவிட்டார். "நானும் ஒரு வரி எழுதிட்டேங்க. எம்.பி. கோவிச்சுக்கவா போறாரு? பிளேன்ல ஏசி கொல்லுமாமே, போன தடவை வந்தப்பவே மூணு நாள் மூக்கு ஒழுகுச்சே புள்ளைக்கு" என்று சொல்லிக்கொண்டே எழுந்து, குழம்பு அடிப்பிடிக்குது என்று உள்ளே போனாள். வைரக்கண்ணு டிராயரைத் திறந்து முதல் தாளை எடுத்து இரண்டாம் தாளுக்கு மேலே வைத்து, இரண்டையும் சேர்த்துக் குண்டூசி குத்தினார். விரலில் ஏறிவிட்டது, வலிக்கவில்லை. வாசலுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். மாசிலாமணி நின்றபடியே முதல் தாளைப் படித்தான், ம் ம் என்று தலையை ஆட்டினான், சரியா இருக்குண்ணே, கச்சிதம் என்றான், தாளைப் புரட்டினான். இரண்டு வரி, இவர் கையெழுத்து, அவள் கையெழுத்து, அதற்குக் கீழே குண்டு குண்டாக, ஐயா பிள்ளைக்குக் குளிர் சேராது போர்த்திக் கூட்டி வரவும். மாசிலாமணி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான், வேர்வையைத் துடைக்கிற மாதிரி.

"அண்ணே." தாளைக் காட்டினான். "இந்தக் கடைசி வரி. அங்க பொட்டியில ஐஸுக்குள்ள வச்சுல்லண்ணே அனுப்புவாங்க. எம்.பி. கையில இதை எப்படிண்ணே குடுக்கறது? வேற தாள்ல எழுதிடுங்களேன்."

"வேற தாள்னா அவ மறுபடியும் கையெழுத்துப் போடணும்யா. என்னால இன்னொரு தடவை முடியாது."

"அப்ப அந்த வரியை மட்டும் லேசா அடிச்சிடவா?"

"அடிக்காதே." வைரக்கண்ணு அவன் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே தாளிக்கிற சத்தம் கேட்டது. "எம்.பி.யும் படிக்கட்டும், அந்தக் கம்பெனிக்காரனும் படிக்கட்டும். நான் எழுதினதுல அவனுக்குன்னு ஒரு வார்த்தை இல்லையேய்யா. அவனுக்குக் குளிர் சேராதுதான். போர்த்தியே கொண்டாரச் சொல்லு."